இடக்கன்னத்தில் புதியது

ஒரு மனித முகத்துக்கு எத்தனை பிளேடு போதும்?

எனக்குத் தெரியாது. இருபத்துநான்கு ஆண்டுகளாக ரேசர் வடிவமைக்கிறேன், இன்னும் தெரியாது. அவைக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே கேள்வியைத் தூக்கி வைப்பது மரியாதைக் குறைவு என்று அறிவேன். ஆனால் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், பதில் கிடைக்கும் என்று நம்பிக் கடைசிவரை உட்கார்ந்து யாரும் ஏமாற வேண்டியதில்லை அல்லவா?

இனி வணக்கம்.

தேய்ந்த கத்திகளுக்கும், தேய்ந்த கத்தரிகளுக்கும், கழற்றிப் போட்ட பிளேடுகளுக்கும் திதி கொடுக்கும் இந்த நவம்பர் நாளில் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் உற்பத்தியாளர் சங்கத் தலைவரே, ஒரு காலத்தில் எனக்குத் துறைத்தலைவராகவும் இருந்த கமியா அவர்களே! காலையில் அந்த இரும்புக் குவியலுக்கு முன் அமர்ந்து முக்கால் மணி நேரம் மந்திரம் ஓதிய துறவியாரே, ஜப்பானுக்கே கத்தி செய்து கொடுக்கும் நம் செகி நகரத்தில் நாள்தோறும் அதிகப் பரப்பளவை மழிப்பவர் என்ற முறையில் எங்கள் தொழிலின் ஒப்பற்ற ஆதரவாளரே! சாணைக்கல்லின் முன் வாழ்நாளைக் கழித்த பெரியோர்களே! பழைய சமையல் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒப்படைக்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வரமாட்டேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, மூன்றாம் வரிசையின் ஓரத்தில் வந்து அமர்ந்திருக்கும் ஹிபினோ அவர்களே! உங்கள் அனைவருக்கும் முராசே என்கிற என் பணிவான வணக்கம்.

கையை ஆட்டி மறுக்க வேண்டாம், ஹிபினோ அவர்களே. உங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்டேன். நீங்கள் "செத்த பிளேடைப் பத்திப் பேசுற நாள்ல உயிரோட இருக்கிறவனப் பத்தி எதுக்கும்மா பேச்சு?" என்றீர்கள். அதை மறுப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அவையோரே, ரேசரின் கைப்பிடி முனையில் மாட்டுகிறோமே, அந்தச் சின்னத் தலை, கார்ட்ரிட்ஜ், அது எத்தகைய கருவி? கட்டைவிரல் அகலம்தான். ஆனால் அதற்குள் எத்தனை சண்டை! முன்னால் ஒரு ரப்பர் வரப்பு, தோலை இழுத்து விரிக்க. பின்னால் ஒரு பட்டை, நனைந்தால் வழுக்க. நடுவில் பிளேடுகள், ஒவ்வொன்றும் முடியின் பருமனுக்கும் குறைவாகவே வெளியே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்ப்பது கூடினால் இரத்தம், குறைந்தால் எரிச்சல். பிளேடுக்கும் பிளேடுக்கும் இடைவெளி அகன்றால் நுரை ஓடும், ஆனால் தோல் உள்ளே புடைக்கும். இடைவெளி குறுகினால் தோல் புடைக்காது, ஆனால் முடி அடைக்கும். முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்கிறது, அது உள்ளே போவதற்குள் இரண்டாவது அறுக்கிறது என்கிறார்கள். மூன்றாவது? விட்டதை எடுக்கிறது. நான்காவது? மூன்றாவது விட்டதை எடுக்கிறது. ஐந்தாவது? அதைப் பற்றிய விளக்கம் பெட்டியின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும். நானே எழுதியதுதான். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன், எங்கள் கம்பெனியின் இரண்டாம் மாடியில் சவர அறை என்று ஒன்று இருந்தது. பன்னிரண்டு கண்ணாடி, பன்னிரண்டு தொட்டி, பன்னிரண்டு ஆண்கள். வீட்டில் மழிக்காமல் முள்தாடியோடு வருவார்கள். காலை ஏழு நாற்பதுக்கு வரிசையாக நிற்பார்கள். முகம் முழுவதும் நுரை பூசுவார்கள். இடக்கன்னத்தைப் புதிய மாதிரியால் மழிப்பார்கள். வலக்கன்னத்தை ஏற்கெனவே கடையில் விற்கும் மாதிரியால் மழிப்பார்கள். பிறகு ஆளுக்கொரு அட்டையில் இரண்டு கன்னத்துக்கும் தனித்தனியே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதுவார்கள். இரண்டு கன்னமும் அவரவர் கன்னம்தான். ஆனாலும் தேர்வு அறையில் பக்கத்து மாணவனிடமிருந்து விடைத்தாளை மறைப்பதுபோல அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவார்கள்.

ஏன் இடக்கன்னத்தில் புதியது? ஏன் வலக்கன்னத்தில் பழையது? நிறுவனர் வைத்த விதி. கிமோனோ உடுத்தினால் இடது மடிப்பு மேலே. வலது மடிப்பு மேலே வந்தால் அது சவத்துக்கு உடுத்தும் முறை. இந்த மண்டபத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். நிறுவனர் அதை முகத்துக்கும் நீட்டினார். இடது, வாழப்போகிற பொருளின் பக்கம். வலது, வழியனுப்பப் போகிற பொருளின் பக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் அந்த விதியை மீறவில்லை. மீற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. எப்படித் தோன்றும்? நம் வீட்டுத் திருமணத்தில் யாராவது மாப்பிள்ளைக்குச் சவ உடுப்பு உடுத்திப் பார்ப்போமா, பொருத்தம் எப்படி என்று?

அந்தப் பன்னிரண்டு பேரில் முதல் கண்ணாடி ஹிபினோ அவர்களுடையது, அலுவலகத்தில் மரியாதையாக ஹிபினோ-சான் என்போம். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வடிவமைப்பாளர். மேலும், கம்பெனியின் கன்னம் என்று பெயர் பெற்றவர். மற்றவர்கள் 'நல்லா இருக்கு' என்று எழுதும் இடத்தில் அவர் 'தாடை எலும்பின் கீழ் இரண்டாம் இழுப்பில் ஒரு தயக்கம்' என்று எழுதுவார். அளந்து பார்த்தால் அச்சில் ஒரு மயிரிழை பிசகியிருக்கும். அந்தக் கன்னத்தை எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அவர் நம்பினார்.

அவர் வடிவமைத்த மூன்று பிளேடுத் தலை ஒன்று உண்டு. இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர், முதுகுப்புறம் திறப்பு. குழாயடியில் ஒருமுறை காட்டினால் நுரையும் முடியும் நழுவி ஓடிவிடும். அது புதிதாக இருந்தபோது இடக்கன்னத்துக்கு வந்தது, வென்றது, கடைக்குப் போனது. கடைக்குப் போனதால் வலக்கன்னத்துக்கு மாறியது. அதன்பின் ஒன்பது ஆண்டுகளில் ஏழு புதிய மாதிரிகள் அதனோடு மோதின. ஏழு முறையும் அது தோற்றது. ஏழு முறையும் ஹிபினோ-சான் தன் கையாலேயே தன் படைப்புக்கு ஆறு போட்டார், எதிராளிக்கு ஏழு போட்டார்.

தாய்மார்களே, பெற்ற பிள்ளைக்கு ஏழு முறை தோல்வி மதிப்பெண் போடுகிற ஆசிரியரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பள்ளியில் அவரைக் கண்டிப்பானவர் என்போம். எங்கள் கம்பெனியில் நேர்மையானவர் என்றோம்.

எட்டாவதாக வந்தது கமியா-சானின் ஐந்து பிளேடு. இடைவெளி ஒரு மில்லிமீட்டர். நான்கு ஆண்டு உழைப்பு. நல்ல வடிவமைப்பு, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. தலைவர் அவர்கள் தலையசைக்கிறார். நன்றி. அதுவும் சவர அறையில் வென்றது. ஆகவே இரண்டு தீர்மானங்கள் எழுதப்பட்டன. ஒன்று, ஐந்து பிளேடை வெளியிடுவது. இரண்டு, மூன்று பிளேடை நிறுத்தி, அதன் அச்சுகளை உருக்கப் போடுவது. வெள்ளிக்கிழமை கூட்டம்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வடிவமைப்புத் துறையில் ஒரே பெண். தாடி இல்லாத காரணத்தால் சவர அறைக்குள் எனக்கு வேலை இல்லை. பத்தொன்பது ஆண்டு அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலையைக் கொடுத்தார்கள். ஏற்றினேன். மூன்று மாதம் ஆயிற்று.

ஏற்றிய பிறகு பார்த்தால், பழைய இரண்டு பிளேடைப் புதிய இரண்டு பிளேடு வென்றது, 0.8 வித்தியாசத்தில். இரண்டை மூன்று வென்றது, 0.8. வழுக்குப்பட்டை இல்லாததைப் பட்டை உள்ளது வென்றது, 0.8. நம் தொழில் எவ்வளவு சீராக முன்னேறுகிறது என்று வியந்தேன். வியந்துகொண்டே அடுத்த அட்டைக் கட்டைப் பிரித்தேன். ஒரு கோடைக்காலத்தில் பிளாஸ்டிக்கின் நிறத்தை மட்டும் கறுப்பிலிருந்து நீலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். புதிய எண் கொண்ட எந்தப் பொருளையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. சோதித்தார்கள். நீலம் கறுப்பை வென்றது.

எவ்வளவில் என்று கேட்கிறீர்கள். ஆமாம் ஐயா, அதே 0.8 தான்.

பிளேடு மாறவில்லை. இடைவெளி மாறவில்லை. இழுப்பு மாறவில்லை. நிறம் மாறியதைத் தாடி எப்படி அறிந்தது? தாடிக்குக் கண் உண்டா?

நான் சந்தேகப் பிராணி. என் அம்மா அதை ஒரு குறையாகத்தான் சொல்வார். அடுத்த வாரம் முழுவதும் சவர அறைக் கதவுக்கு வெளியே ஸ்டாப்வாட்சோடு நின்றேன். பன்னிரண்டு பேரும் வலக்கைக்காரர்கள். பன்னிரண்டு பேரும் இடக்கன்னத்தில் தொடங்கினார்கள், ஏனென்றால் அட்டையில் முதல் கட்டம் இடது. வெந்நீரில் கழுவிய முகம், புதிய நுரை, சூடு ஆறாத தோல். அதை முடித்து, அலசி, ரேசரை மாற்றி, வலக்கன்னத்துக்கு வர இரண்டரை நிமிடம். அதற்குள் அங்கே நுரை காய்ந்து வெள்ளைத் தூளாகி நிற்கும். அதன்மேல் எதைக் கொண்டு மழித்தாலும் இழுக்கும். தங்கத்தில் பிளேடு செய்து கொடுத்தாலும் ஆறுதான் போடுவார்கள்.

அந்த 0.8-ஐத் தாளில் வரைபடமாக்கிக் கமியா-சானிடம் எடுத்துப்போனேன். கூட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது. நம் ஊரில் கூட்டம் என்பது முடிவெடுக்கும் இடம் அல்ல, முடிவை அறிவிக்கும் இடம். அதற்கு முன்பே ஒவ்வொருவர் மேசையாகப் போய்ப் பேசி, முத்திரை வாங்கி, மண்ணைப் பதப்படுத்தியிருப்பார்கள். தீர்மானத்தில் ஏற்கெனவே ஆறு முத்திரை விழுந்திருந்தது. கமியா-சான் வரைபடத்தைப் பார்த்தார். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். "இது கொஞ்சம்..." என்று இழுத்தார். அந்த வாக்கியத்துக்கு நம் ஊரில் முடிவு கிடையாது. அதுவேதான் முடிவு.

நான் எழுந்திருக்கவில்லை. அவர் கோபம் இல்லாமல், உண்மையாகவே அறிய விரும்பியவர்போலக் கேட்டார்.

"முராசே-சான், நீங்க இதுவரைக்கும் சவரம் பண்ணியிருக்கீங்களா?"

"வாரத்துல ரெண்டு நாள், துறைத்தலைவரே."

"எதை?"

"முகத்தை."

முன்வரிசைத் தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். முகத்தின் பூனைமுடியை மழிக்காமல் பவுடர் பூசினால் எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்குத் தெரியாது? பதினெட்டு வயதில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்குகிறோம். ஆனால் ரேசர் செய்யும் கம்பெனியின் துறைத்தலைவருக்கு அன்றுவரை தெரியாது. அவருக்கு மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். தலைவர் அவர்கள் தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும்.

என் முகத்திலேயே இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டேன் என்றேன். ஒரு வாரம் இடதில் ஐந்து, ஒரு வாரம் இடதில் மூன்று. எது முதலில் வந்ததோ அது நன்றாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நாகரா நதியில் அன்று நல்ல வெள்ளம். பிறகு சொன்னார்:

"கூட்டத்துல யாரும் திடுக்கிடக் கூடாது. அதுக்கு முன்னாடி, ஹிபினோ-சான் ஒத்துக்கிட்டா, ஒரே ஒரு நாள் பக்கத்த மாத்திப் பாருங்க. எனக்கு இது தெரியாது."

நீதிமன்றத்தில் அதை என்னவென்று சொல்வார்களோ, எங்கள் அலுவலகத்தில் அது பெரிய அனுமதி.

மறுநாள் மதியம் உணவுக்கூடத்தில் ஹிபினோ-சானைப் பார்த்தேன். சுட்ட அயு மீனின் முள்ளைத் தலையோடு சேர்த்து ஒரே இழுப்பில் உருவிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீலப் பிளாஸ்டிக்கைச் சொன்னபோது சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"என் கன்னம் பொய் சொல்லுதுன்னு சொல்ல வந்தியா?"

"கன்னம் பொய் சொல்லல. நுரை காஞ்சுபோகுது. இடது முடிச்சு வலதுக்கு வர ரெண்டரை நிமிஷம் ஆகுது. ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாத்தேன்."

"எங்க நின்னு பாத்தே?"

"கதவுக்கு வெளியில."

"பன்னெண்டு ஆம்பளைங்க சவரம் பண்றத ஒரு வாரமா கதவிடுக்கு வழியாப் பாத்திருக்கே. உங்க வீட்டுல தெரியுமா?"

"அம்மாகிட்ட சொன்னேன். அதுல ஒருத்தனுக்காவது இன்னும் கல்யாணம் ஆகலையான்னு கேட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் பன்னிரண்டில் சேர்ந்தவர்கள்தான். புதியதைக் கொண்டுபோய்ச் செத்தவர் பக்கம் வைக்கச் சொல்கிறாயே என்றார் ஒருவர். கமியா-சான் நான்கு வருஷம் உழைத்த பொருள், அதற்கு வெளியீட்டு வாரத்தில் சவ உடுப்பா என்றார் இன்னொருவர். இருவரும் நாகோயாவில் பொறியியல் படித்தவர்கள். நான் படித்த அதே பல்கலைக்கழகத்தில்.

ஹிபினோ-சான் அவர்கள் பேசி முடியும்வரை காத்திருந்தார். அவருடைய சங்கடம் வேறு. அதைத் தாழ்ந்த குரலில், மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பக்கத்தை மாற்றி, அவருடைய மூன்று பிளேடு தோற்றால் அவமானம் அவருக்கல்ல, யோசனை சொன்ன எனக்கு. அது பரவாயில்லை, எனக்கு வயது இருக்கிறது. ஆனால் வென்றால்? கூட்டத்துக்கு முந்தின நாள், தன் பொருளைக் காப்பாற்ற, ஒரு சின்னப் பெண்ணைத் தூண்டிவிட்டு விதியை மாற்றினான் கிழவன் என்று பேசுவார்கள். ஒன்பது ஆண்டு சேர்த்த பெயர் ஒரு காலையில் போய்விடும். மாற்றாவிட்டால் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அச்சுகள் உருக்கப் போய்விடும். அவர் கையில் இருந்தது இந்த இரண்டுதான்.

"எட்டுத் தடவ என் பொருளுக்கு நானே ஆறு போட்டேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போயி, நான் நேர்மையா இருந்தேன்னு நெனச்சுப்பேன். அப்ப அது என்ன?"

பல்கலைக்கழகத்தில் எனக்குப் பிழையின் பெயர்கள் கற்பித்தார்கள். அந்தப் பிழையைச் செய்தவரின் முகத்தைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்று கற்பிக்கவில்லை. மீன் ஆறிப்போயிற்று. அவர் அதைச் சாப்பிடாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை ஏழு முப்பத்தைந்து. கதவுக்கு வெளியே நின்றேன். ஹிபினோ-சான் வந்தார். "வெளிய நின்னு பாத்தது போதும், உள்ள வா" என்றார். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த அறைக்குள் நுழைந்த முதல் பெண் நான்தான். வரலாற்றுச் சிறப்புள்ள அந்தத் தருணத்தில், உள்ளாடைச் சட்டையோடு நின்ற பதினொரு பேரும் ஒரே நேரத்தில் துண்டைத் தேடினார்கள்.

அவர் முதல் கண்ணாடி முன் நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் யாரையும் பார்க்காமல், இன்று தான் இடதில் பழையதையும் வலதில் புதியதையும் வைக்கப்போவதாகச் சொன்னார். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் கண்ணாடியிலிருந்து ஒருவர் மெல்லச் சொன்னார், அது செத்தவங்க பக்கமாச்சே என்று.

"எனக்கு அம்பத்திரண்டு ஆச்சு" என்றார் ஹிபினோ-சான். "அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் பழகிக்கிறேன்."

நுரை பூசினார். தன் மூன்று பிளேடை எடுத்தார். பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் கை வலக்கன்னத்தை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு இடக்கன்னத்துக்கு வந்தது. அவையோரே, நான் உணர்ச்சிவசப்படுகிறவள் அல்ல. அந்தக் கை நின்ற நேரத்தையும் ஸ்டாப்வாட்சில் அளந்தேன். நான்கு நொடி.

இரண்டாம் கண்ணாடிக்காரர் பக்கத்தை மாற்றினார். மூன்றாமவர் மாற்றினார். கடைசிக் கண்ணாடிக்காரர் ஏதோ முணுமுணுத்துவிட்டு மாற்றினார். பன்னிரண்டு அட்டைகளையும் வாங்கி, அங்கேயே, ஈரத் தொட்டியின் விளிம்பில் தாளை வைத்துக் கூட்டிச் சராசரி எடுத்தேன். இடது 7.6. வலது 6.8.

ஹிபினோ-சான் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப என்னோடது ஜெயிச்சுதா?"

"இல்ல" என்றேன். "இடது ஜெயிச்சுது. பத்தொம்பது வருஷமா இடதுதான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கு."

நான் சொல்லியிருக்கலாம், ஆமாம் வென்றது என்று. அவர் கேட்ட விதம் அப்படி. அறையில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் அந்த எண்ணில் அது இல்லை. அவருடையது ஐந்தைவிட மேலானது என்று அந்த எண் சொல்லவில்லை. கீழானது என்று சொல்லியிருந்த எட்டுத் தீர்ப்புகளும் செல்லாது என்று மட்டும் சொன்னது. அவர் துண்டை மடித்தார். நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க முடியவில்லை. "அது போதும்" என்றார்.

அவையோரே! யார் ஏமாற்றினார்கள்? நிறுவனரா? அவர் புதியதற்கு நல்ல இடம் கொடுக்க நினைத்தார். பன்னிரண்டு பேரா? குளிரிலும் காய்ச்சலிலும், முள்தாடியோடு இரயிலேறி வந்து, தோல் சொன்னதைத் தோல் சொன்னபடியே எழுதினார்கள். ஒவ்வொரு அட்டையும் உண்மை. ஒவ்வொரு எண்ணும் உண்மை. உண்மைகளையெல்லாம் கூட்டினோம், பொய் வந்தது! பிளேடுக்குத் தெரியுமா தான் புதியதென்று? நுரைக்குத் தெரியுமா தான் எந்தப் பக்கம் காய்கிறோமென்று? தோலுக்குத் தெரியுமா நிறுவனரின் கிமோனோ எப்படி மடிந்ததென்று? தெரிந்தது நமக்கு. நமக்கு மட்டும். மரியாதையால் வைத்தோம், மரியாதையால் தொடர்ந்தோம், மரியாதையால் கேட்காமல் இருந்தோம். மரியாதை குறைந்த இடத்தில் பிழை வாழ்வது எளிது என்பார்கள். நான் பார்த்த பிழை மரியாதையில்தான் பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தது.

இதோ, மேடைக்கு இடப்புறம் அந்த மேசையில் குவிந்து கிடக்கின்றன பிளேடுகள். காலையில் அவற்றுக்கு ஊதுபத்தி ஏற்றினோம், கும்பிட்டோம், உழைத்துத் தேய்ந்தவையே அமைதி கொள்க என்றோம். நான் ஒன்று கேட்கிறேன். அவற்றில் எத்தனை தேய்ந்ததால் அங்கே வந்தன? எத்தனை வலப்பக்கம் வைக்கப்பட்டதால் அங்கே வந்தன? உங்கள் பட்டறையில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் வீட்டில், எதை நீங்கள் வலப்பக்கம் வைத்துவிட்டு மதிப்பெண் போடுகிறீர்கள்? எந்தப் பொருளை? எந்த முறையை? எந்த மனிதரை? ஒருமுறை பக்கத்தை மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு காலை. நான்கு நொடி கை நிற்கும். நிற்கட்டும். பிறகு மாற்றுங்கள்!

கைதட்டலுக்கு நன்றி. துறவியாரும் தட்டுகிறார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. இதை நான் எண்களோடு முடிக்கத்தான் எழுதி வந்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் கை தூக்கிய பெரியவர், அப்படியானால் ஐந்து பிளேடு வாங்க வேண்டாமா என்று கேட்கிறார். வாங்குங்கள் ஐயா. நுரையை மட்டும் இரண்டு முறை பூசிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்த தலைவர் அவர்களுக்கும், வராமல் இருக்க முடிந்தும் வந்த ஹிபினோ அவர்களுக்கும், மந்திரத்துக்குப் பின் என் பேச்சையும் தாங்கிக்கொண்ட துறவியாருக்கும், பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும் நன்றி. எல்லோரும் வெட்டுக்காயம் இல்லாமல் இந்த ஆண்டைக் கடந்து, அடுத்த நவம்பரில் இதே மண்டபத்தில் கூடுவோம். வணக்கம்.

மறுநாள் என்ன நடந்தது என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார். நடந்ததை மட்டும் பதிவு செய்துவிட்டு இறங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கிப் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. ஐந்து பிளேடு தேறியது. யாரும் திடுக்கிடவில்லை. இரண்டாம் தீர்மானம் மேசைக்கு வரவில்லை. ஆறு முத்திரை விழுந்த அந்தத் தாளைக் கமியா-சான் கூட்டத்துக்கு முன்பே நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்திருந்தார். அச்சுகள் உருக்கப் போகவில்லை.

அன்று காலை ஏழு நாற்பதுக்குச் சவர அறையில் முதல் கண்ணாடி முன் யாரும் நிற்கவில்லை. ஹிபினோ-சான் எட்டரைக்கு வந்தார். இரண்டு கன்னமும் மழித்திருந்தது. வீட்டில், தன்னுடைய மூன்று பிளேடால், இரண்டு பக்கமும். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சவரம் பண்ண மாதிரி இருந்துச்சு" என்றார்.